கடிதத்தில் ஓடிய கப்பல்

எடிசன் நிலையத்தில் நியூயார்க் ரயில் ஏறும்போது என் பையில் தண்ணீர் பாட்டில், இரண்டு டப்பா எலுமிச்சை சாதம், அச்செடுத்த நாற்பது தாள்கள் இருந்தன. 2013 ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை. தாள்களில் இருந்தவை, ஒன்றரை வருடமாக நான் வேலை பார்த்துவந்த விண்கப்பலின் கடிதங்கள். அந்தக் கப்பலின் மருத்துவரை அன்றைக்குத்தான் முதல் தடவையாக நேரில் பார்க்கப்போகிறேன். அவர் பிலடெல்பியாவிலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தார்.

'ஸ்டார் ட்ரெக்' தொடரின் உலகத்தை எடுத்துக்கொண்டு, ஆளுக்கொரு பாத்திரமாகி, மின்னஞ்சலில் சேர்ந்து எழுதிக்கொண்டே போகும் விளையாட்டு அது. பகடை கிடையாது, புள்ளிக் கணக்கு கிடையாது, ஜெயிப்பதும் தோற்பதும் கிடையாது. கேப்டன் ஒரு நிலைமையை எழுதி எல்லோருக்கும் அனுப்புவார். அதில் தன் பாத்திரம் என்ன செய்தது என்று ஒருவர் எழுதுவார். அதைப் பிடித்துக்கொண்டு இன்னொருவர் எழுதுவார். தபாலில் ஆடும் விளையாட்டு அமெரிக்காவில் பழையது. ரிக் லூமிஸ் என்பவர் 1970-லேயே தபால்தலை ஒட்டி ஆடும் போர் விளையாட்டைத் தொடங்கி, பிறகு அதைத் தொழிலாகவே நடத்தினார். இணையம் வந்தபோது தபால்தலை மட்டும்தான் போனது. 'ஸ்டார்பேஸ் 118' போன்ற குழுக்கள் 1994 முதல் இப்படிக் கப்பல்களை ஓட்டிக்கொண்டிருக்கின்றன. என் கப்பல் அதைவிட மிகச் சிறியது. மொத்தம் ஒன்பது பேர்.

நான் ஏறியது 2012 ஜனவரியில். கல்யாணமாகி நியூஜெர்சிக்கு வந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. திருச்சியில் மெக்கானிக்கல் படித்தவள். துவாக்குடிப் பக்கம் பாய்லர் பாகங்கள் செய்யும் பட்டறையில் நான்கு வருடம் தரச் சோதனை பார்த்தவள். கணவரைச் சார்ந்து எச்-4 விசாவில் வந்தவர்கள் அப்போது சம்பளத்துக்கு வேலை பார்க்க முடியாது. ஜன்னலுக்கு வெளியே பகல் முழுக்கப் பனி. ஊரிலிருந்து போனில் அத்தை தினமும் "என்னம்மா பண்ணிட்டிருக்கே?" என்று பாசமாகத்தான் கேட்பார். சொல்வதற்கு என்னிடம் ஒன்றும் இருக்காது.

அந்த விண்ணப்பம் கண்ணில் பட்டது அப்படி ஒரு மத்தியானத்தில்தான். பாத்திரத்தின் பெயர், இனம், பிறந்த கிரகம், குடும்பம், பயப்படும் விஷயம், உடலில் அடையாளம் என்று கேள்விகள் நீண்டன. எந்தப் பிரிவில் வேலை வேண்டும் என்று கேட்டிருந்த இடத்தில் யோசிக்காமல் 'பொறியியல்' என்று எழுதினேன். அடையாளத்துக்கு என்னுடையதையே கொடுத்தேன்: இடது மணிக்கட்டின் உள்பக்கம் நகத்தளவு தழும்பு. வெல்டிங் முடிந்த குழாயைச் சூடு ஆறுவதற்குள் தொட்டதில் வந்தது. மாதிரிக்கு ஒரு காட்சியும் எழுதி அனுப்பினேன். இரண்டு நாள் கழித்து, கடைநிலை அதிகாரிப் பதவியோடு கேப்டனிடமிருந்து பதில் வந்தது. 'என்சைன், வரவேற்கிறோம். ஆறாம் தளத்தில் உங்களுக்கு அறை ஒதுக்கியிருக்கிறோம். காலையில் இயந்திர அறையில் வேலைக்கு வந்துவிடுங்கள்.' வேலைக்கு வந்துவிடுங்கள் என்று அந்த நாட்டில் என்னிடம் சொன்ன முதல் ஆள் அவர்தான். ஸ்காட்லாந்தில் பஸ் ஓட்டுபவர் என்று பிறகு தெரிந்தது.

கடிதத்துக்கு ஒரு வடிவம் உண்டு. மேலே விண்தேதியும் கப்பலில் எந்த இடம் என்பதும். பேச்சு, நாடகம்போல் பெயர் போட்டு வரும். செய்வதும் மனதில் நினைப்பதும் இரட்டை முக்காற்புள்ளிகளுக்கு நடுவே வரும். பிள்ளைக்குக் காய்ச்சல், பரீட்சை, பிரயாணம் என்றால் 'கதைக்கு வெளியே' என்று தலைப்பிட்டுத் தனியாக எழுத வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு விதி: அடுத்தவருடைய பாத்திரத்தின் வாயில் நீங்கள் வார்த்தை வைக்கக் கூடாது. நீங்கள் கேள்வி கேட்கலாம். பதில் அவரிடமிருந்துதான் வர வேண்டும். அவர் தூங்கி எழுந்து, வேலைக்குப் போய்த் திரும்பி, எழுத உட்காரும்வரை உங்கள் ஆள் அந்த அறை வாசலில் நின்றுகொண்டே இருப்பார். கப்பலில் ஐந்து நிமிடம் நீடித்த ஆபத்து ஒன்று எங்கள் காலண்டரில் மூன்று வாரம் ஓடியது. அவசரமே இல்லாத அந்த அவசரம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

முதல் கடிதத்திலேயே தப்பு செய்தேன். குளிர்விப்பான் குழாய் வெடித்துக் கப்பல் நின்றுவிட்டது என்று கேப்டன் எழுதியிருந்தார். எனக்குத் தெரிந்த விஷயம். ஒரே மூச்சில் மூன்று பக்கம் எழுதி, கசிவைக் கண்டுபிடித்து, பற்றவைத்து, அழுத்தம் ஏற்றிச் சோதித்து, என்ஜினைக் கிளப்பிவிட்டேன். தனியாக ஒரு மெயில் வந்தது: 'அருமையான வேலை. கப்பலைக் காப்பாற்றிவிட்டீர்கள். மற்ற எட்டுப் பேரும் இனி என்ன செய்வது?'

இதைவிட நல்ல எழுத்துப் பாடம் எனக்கு யாரும் நடத்தவில்லை. திரும்ப எழுதினேன். இந்தத் தடவை ஒரு பக்கம்தான். உயர் அழுத்த நீராவி கண்ணுக்குத் தெரியாது, சீறும் சத்தம் மட்டும்தான் கேட்கும், கசிவைக் கையால் தேடவே கூடாது என்று பட்டறையில் முதல் வாரமே சொல்லிக்கொடுப்பார்கள். என் என்சைனுக்கும் அது தெரியும். ஆனால் விளக்கு அணைகிறது, அவள் கால் இடறுகிறது, கை தானாக நீண்டு குழாயைப் பிடிக்கிறது. மருத்துவ அறையை அழைக்கிறாள். அதோடு நிறுத்திவிட்டேன்.

அன்று ராத்திரியே மருத்துவர் எழுதினார். உள்ளங்கைக் கொப்புளத்துக்கு மருந்து போட்டபடி அவருடைய பாத்திரம் என் மணிக்கட்டைத் திருப்பிப் பார்க்கிறது. 'இது முதல் தடவை இல்லை போலிருக்கிறதே' என்கிறது. விண்ணப்பத்தில் ஒரு மூலையில் நான் எழுதிய தழும்பை அவர் படித்து ஞாபகம் வைத்திருந்தார். அந்த வரியைப் படித்துவிட்டுச் சமையலறையில் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன். ஊரை விட்டு வந்த பிறகு என்னை ஒருவர் கவனித்துப் பார்த்தது போல இருந்தது.

அந்த வருடம் அக்டோபர் 29-ம் தேதி சாண்டி புயல் நியூஜெர்சியைத் தாக்கியது. எங்கள் தெருவில் ஒன்பது நாள் மின்சாரம் இல்லை. கப்பல் அப்போது ஒரு சண்டைக்கு நடுவில் இருந்தது. நான் லெப்டினன்ட் ஆகி இயந்திர அறைக்குப் பொறுப்பேற்றிருந்தேன். சொல்லாமல் காணாமல் போகிறவர்களின் இடத்தை இன்னொருவருக்குக் கொடுப்பது இந்த விளையாட்டில் சாதாரண நடைமுறை. மின்சாரம் வந்ததும் மெயிலைத் திறந்தேன். நாற்பத்தொரு கடிதங்கள். ஒருவர்கூட என் வேலையைத் தொட்டிருக்கவில்லை. வெடிப்பில் இயந்திர அறைக் கதவு இறுகிக்கொண்டது என்று ஒருவர் எழுதியிருந்தார். கதவில் காது வைத்துக் கேட்டேன், உள்ளே ஸ்பேனர் சத்தம் கேட்கிறது என்று மருத்துவர் எழுதியிருந்தார். அடுத்து எழுதிய ஒவ்வொருவரும் எங்காவது ஓரிடத்தில் அந்தச் சத்தத்தைக் கேட்டிருந்தார்கள். ஒன்பது நாள் நான் இருட்டில் மெழுகுவர்த்தியோடு உட்கார்ந்திருக்க, அங்கே என் ஆள் வேலை செய்துகொண்டே இருந்திருக்கிறாள்.

பையில் இருந்த நாற்பது தாள்களும் அந்த நாட்களின் கடிதங்கள்தான்.

பென் ஸ்டேஷனில் இறங்கி மேற்கே ஹட்சன் ஆற்றை நோக்கி நடந்தேன். நாற்பத்தாறாம் தெரு பன்னிரண்டாம் அவென்யூவைத் தொடும் இடத்தில், 86-ம் துறையில் 'இன்ட்ரெபிட்' நிற்கிறது. 1943-ல் கடற்படையில் சேர்ந்த விமானந்தாங்கிக் கப்பல், இப்போது மியூசியம். மருத்துவர் நுழைவு வாசலில் நின்றிருந்தார். அறுபது வயது இருக்கும். ராத்திரி டியூட்டி பார்க்கும் நர்ஸ். ஊதா ஸ்வெட்டர் போட்டு வருவதாகச் சொல்லியிருந்தார். "லெப்டினன்ட்?" என்றார். "டாக்டர்" என்றேன். கை கொடுத்தவர் விடவில்லை. மணிக்கட்டைத் திருப்பித் தழும்பைப் பார்த்துவிட்டுத்தான் விட்டார்.

நாங்கள் பார்க்க வந்தது மேல்தளத்தில் இருந்தது: 'என்டர்பிரைஸ்' என்ற விண்ணோடம். நாசா கட்டிய முதல் ஷட்டில். அதற்கு 'கான்ஸ்டிட்யூஷன்' என்று பெயர் வைப்பதாகத்தான் இருந்தது. ஸ்டார் ட்ரெக் ரசிகர்கள் வெள்ளை மாளிகைக்குக் கடிதமாக எழுதிக் குவித்தார்கள். அதிபர் ஃபோர்டு பெயரை மாற்றினார். 1976 செப்டம்பர் 17 அன்று கலிபோர்னியாவின் பாம்டேலில் அதை வெளியே கொண்டுவந்தபோது, தொடரை உருவாக்கிய ஜீன் ராடன்பெரியும் நடிகர்கள் பலரும் எதிரே நின்றிருந்தார்கள். கடிதம் எழுதுவது அந்த ரசிகர்களின் கைகளுக்குப் பழகிய வேலைதான். 1967 கடைசியில், தொடரை நிறுத்தப் பார்க்கிறார்கள் என்று தெரிந்ததும் பீஜோ டிரிம்பிள், ஜான் டிரிம்பிள் தம்பதி ரசிகர்களைத் திரட்டிக் கடிதம் எழுதவைத்தார்கள். தொடர் நீடிக்கும் என்று என்பிசி தொலைக்காட்சி தன் ஒளிபரப்பிலேயே அறிவிக்க வேண்டியதாயிற்று. மூன்றாவது பருவம் அப்படித்தான் வந்தது. ஆரம்பத்திலிருந்தே இந்தக் கப்பலைத் தூக்கி நிறுத்தியவை கடிதங்கள். பிரபலமான கேப்டன்களைப் பற்றி எழுதுகிற அளவுக்கு இதைப் பற்றி யாரும் எழுதுவதில்லை என்பது என் குறை.

அதை வைத்திருந்த கூடாரத்துக்குள் மங்கலான நீல வெளிச்சம். தலைக்கு மேலே என்டர்பிரைஸின் அடிவயிறு நீண்டு கிடந்தது. அடியிலேயே நடக்கலாம். இது விண்வெளிக்குப் போனதே இல்லை. என்ஜின் கிடையாது, வெப்பம் தாங்கும் ஓடுகளும் உண்மையானவை இல்லை. 1977-ல் ஒரு 747 விமானத்தின் முதுகில் ஏற்றிக்கொண்டு போய் உயரத்தில் விடுவித்தார்கள். ஐந்து தடவை அப்படி மிதந்து இறங்கியது. பின்னால் போன ஷட்டில்கள் பத்திரமாகத் தரையிறங்கலாம் என்பதை நிரூபித்தது இதுதான். சோதனைப் பிரிவில் வேலை பார்த்தவளுக்கு இந்த இடத்தில் மனசு நிறையும். சோதனைக்கு வைக்கிற பாகம் எங்கேயும் பொருத்தப்படாது. அது இல்லாமல் மற்றது எதுவும் வெளியே போகாது.

சாண்டி அடித்த அதே ராத்திரி இதன் கூடாரமும் சரிந்து, வால் துடுப்பு சேதமானது. பழுது பார்த்து மறுபடி திறந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. அண்ணாந்து ஒட்டுப்போட்ட இடத்தைத் தேடினேன். தெரியவில்லை, அவ்வளவு சுத்தமான வேலை. பக்கத்தில் நின்று டாக்டரும் தேடிக்கொண்டிருந்தார்.

வெளியே வந்து ஆற்றோரப் பெஞ்சில் டப்பாக்களைத் திறந்தோம். கடிதங்களை எடுத்து நான் எழுதிய பகுதியை நானும் அவர் எழுதியதை அவரும் சத்தமாகப் படித்தோம். கதவில் காது வைத்துக் கேட்கும் இடம் வந்ததும் அவர் குரல் கொஞ்சம் தாழ்ந்தது. தாளை மடித்துக்கொண்டே, "கதவை உடைத்து வேறொருவரை உள்ளே அனுப்பியிருப்பேன். நீங்கள் எங்கே வேலை பழகினீர்கள் என்று இன்னும் கேட்கவில்லையே, அதனால்தான் செய்யவில்லை" என்றார். சொன்னேன். துவாக்குடி என்ற பெயரை இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

2015 மே மாதம் எச்-4 விசா விதி மாறியது. என்னைப் போன்றவர்களில் ஒரு பகுதியினருக்கு வேலை பார்க்கும் அனுமதி கிடைத்தது. இப்போது பம்புகளைச் சோதிக்கிறேன். கப்பலில் அதன் கடைசிக் கடிதம்வரை இருந்தேன். 2016-ல் கேப்டன் அதை முறைப்படித் துறையில் கட்டினார்.

மின்னஞ்சலில் ஓடும் கப்பல்கள் இன்றைக்கும் இருக்கின்றன. புது ஆட்களைச் சேர்க்கவும் செய்கின்றன. எளிய ஆங்கிலமும் வாரத்தில் இரண்டு ராத்திரியும் போதும். ஏறுங்கள். விண்ணப்பத்தில் அடையாளம் கேட்கும் இடத்தைக் காலியாக விடாதீர்கள். தமிழிலேயே ஒரு கப்பல் கிளப்பும் எண்ணம் யாருக்காவது இருந்தால் எட்டுப் பேரைச் சேர்த்துவிட்டுச் சொல்லுங்கள். இயந்திர அறைக்கு நான் வருகிறேன்.