பேரேடு யாருடையது?

நுழையும்முன்

கடைத்தெருவில் இடம் இல்லாதவரும் இன்று கடை திறக்கலாம். கைப்பேசியும் இணையமும் அதற்கு வழிசெய்துள்ளன. ஆயினும், இணையவழி வணிகத்திற்கு எந்த மென்பொருளைத் தேர்வது, எதற்குப் பணம் செலவிடுவது, எதனைத் தவிர்ப்பது என்னும் வினாக்கள் சிறுமுதல் உடையோரைத் திகைக்க வைக்கின்றன. அவ்வினாக்களுக்கு விடைகாணும் வழியை இக்கட்டுரை ஆராய்கிறது.

தேவை முதலில், கருவி பிறகு

கடலூருக்கும் பண்ருட்டிக்கும் இடையில், நெல்லிக்குப்பத்தை அடுத்து அமைந்துள்ள பேரூராட்சி மேல்பட்டாம்பாக்கம். பலாவுக்கும் முந்திரிக்கும் பெயர்பெற்ற பண்ருட்டி வட்டாரம் அதன் அருகிலேயே உள்ளது. இவ்வூரில் வாழும் பெண் ஒருவர், முந்திரிப்பருப்பை வாங்கித் தரம்பிரித்து, சிறு பொட்டலங்களாக்கி, இணையம் வழியே வெளியூர்களுக்கு விற்க விரும்புகிறார் எனக் கொள்வோம். அவரிடம் உள்ள முதல் சில ஆயிரம் ரூபாய். அதில் பெரும்பகுதி சரக்கிற்கே போய்விடும். மென்பொருளுக்கென அவர் ஒதுக்கக்கூடிய தொகை மிகச் சிறிது.

இணையத்தில் தேடினால், அவருக்குத் தேவையானவை என நாற்பது, ஐம்பது மென்பொருள்களை அடுக்கிக் காட்டும் விளம்பரங்கள் தோன்றும். அவற்றைப் பார்த்து வாங்கத் தொடங்கினால் வணிகம் தொடங்குமுன்பே முதல் கரைந்துவிடும். எனவே, கருவியைத் தேடுமுன் வேலையைத் தேடுதல் வேண்டும். திருக்குறளின் தெரிந்துசெயல்வகை என்னும் அதிகாரம், ஒரு செயலில் இறங்குமுன் இழப்பையும் ஆக்கத்தையும் எண்ணிப் பார்க்கச் சொல்வது இத்தகைய இடங்களுக்குப் பொருந்தும்.

அவர் செய்யவேண்டிய வேலைகள் ஐந்துதாம். சரக்கின் இருப்பை எழுதிவைத்தல், பொருளைப் பிறர் காணச் செய்தல், பணத்தைப் பெறுதல், விற்பனைச் சீட்டு வழங்கிக் கணக்கு எழுதுதல், இவை அனைத்தையும் இழந்துவிடாமல் காத்தல். ஒரு மென்பொருள் இவ்வைந்தில் எந்த வேலையையும் செய்யவில்லை எனில், அது எவ்வளவு மலிவானதாயினும் அவருக்குத் தேவையற்றது.

தேவையிலிருந்து மென்பொருள் பிறத்தல்

தேவையே நல்ல மென்பொருளைப் பிறப்பிக்கும் என்பதற்கு இந்தியாவிலேயே சான்று உண்டு. ஆலைகளுக்கு மூலப்பொருள்களும் இயந்திர உறுப்புகளும் வழங்கும் வணிகத்தில் ஈடுபட்டிருந்த சியாம் சுந்தர் கோயங்கா, தம் கணக்குகளுக்கு ஏற்ற மென்பொருள் கிடைக்காமையால், கணிதம் பயின்ற தம் மகன் பரத் கோயங்காவிடம் அதனை உருவாக்குமாறு கூறினார். 1986இல் இவ்வாறு தொடங்கிய முயற்சியே, பின்னர் 'டேலி' என்னும் பெயரில் இந்தியக் கடைகள் பலவற்றின் கணக்கு மென்பொருளாக வளர்ந்தது.

தமிழ்நாட்டிலும் இத்தகைய முயற்சி நிகழ்ந்தது. 1996இல் அட்வென்ட்நெட் என்னும் பெயரில் தொடங்கப்பட்டு, 2009இல் சோகோ எனப் பெயர்மாற்றம் பெற்ற நிறுவனம், சிறுதொழில் நடத்துவோருக்கான மின்னஞ்சல், கணக்கியல், வாடிக்கையாளர் தொடர்பு முதலிய மென்பொருள்களை உலகெங்கும் வழங்குகிறது. அதன் நிறுவனர்களுள் ஒருவரான ஸ்ரீதர் வேம்பு, 2011இல் தென்காசியை அடுத்த மத்தளம்பாறையில் அலுவலகம் திறந்தார். 2005 முதல் அந்நிறுவனம் நடத்திவரும் பயிற்சிப் பள்ளியில், மேனிலைக் கல்வி முடித்த மாணவர்கள் உதவித்தொகை பெற்றுக்கொண்டே நிரலாக்கம் பயில்கின்றனர். மென்பொருளை வாங்கும் ஊர்களாக மட்டுமன்றி, அதனை ஆக்கும் ஊர்களாகவும் சிற்றூர்கள் திகழ முடியும் என்பதை இது காட்டுகிறது.

விலையின்மை மூவகை

'இலவசம்' என்னும் ஒரே சொல்லால் குறிக்கப்படும் மென்பொருள்கள் உண்மையில் மூவகைப்படும். அவற்றைப் பிரித்தறிவது இன்றியமையாதது.

முதல்வகை, சில நாள்களுக்கு மட்டும் விலையின்றிக் கிடைப்பது. காலம் முடிந்தபின் கட்டணம் செலுத்தாவிடில் கதவு அடைக்கப்படும். இரண்டாம்வகை, ஓர் எல்லைவரை விலையின்றிக் கிடைப்பது. பொருள்களின் எண்ணிக்கை அல்லது பயன்படுத்துவோரின் எண்ணிக்கை அவ்வெல்லையைக் கடக்கும்போது கட்டணம் தொடங்கும். மூன்றாம்வகை, கட்டற்ற மென்பொருள். எந்நோக்கத்திற்கும் இயக்கவும், மூலநிரலைப் படித்துத் திருத்தவும், படியெடுத்துப் பிறர்க்கு வழங்கவும், திருத்திய வடிவத்தைப் பகிரவும் உரிமை தருவது இது. ரிச்சர்டு ஸ்டால்மன் 1983இல் அறிவித்த குனூ திட்டத்தில் இவ்வியக்கம் வேர்கொண்டது. 1991இல் லினசு டோர்வால்ட்சு வெளியிட்ட லினக்சு கருநிரல் அதற்கு வலுச்சேர்த்தது.

கட்டற்ற மென்பொருள் தமிழ்நாட்டு மாணவர்க்குப் புதிதன்று. 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வழங்கப்பட்ட கணினிகளில், இந்தியாவில் உருவான 'பாஸ்' என்னும் லினக்சு இயங்குதளமும் இடம்பெற்றிருந்தது. கடிதம் எழுதவும் அட்டவணை அமைக்கவும் பயன்படும் லிபர்ஆபீசு, 2010இல் உருவான கட்டற்ற தொகுப்பு. வலைத்தளம் அமைக்க உதவும் வேர்டுபிரசு 2003இலும், அதனுடன் இணைந்து இணையக்கடையை அமைத்துத் தரும் வூகாமர்சு 2011இலும் வெளிவந்தன.

ஆயினும், மென்பொருளுக்கு விலை இல்லை என்பதால் செலவே இல்லை எனக் கருதுதல் பிழை. வேர்டுபிரசுக்கு விலையில்லை; ஆனால் தளத்தின் பெயருக்கும், தளம் தங்கும் வழங்கிக் கணினிக்கும் ஆண்டுதோறும் கட்டணம் உண்டு. முதலாண்டுக் கட்டணம் குறைவாகவும், புதுப்பிக்கும் கட்டணம் அதிகமாகவும் அமைவது இத்துறையில் வழக்கம். ஆகவே, முதல் மாதத்தின் விலையைப் பார்த்து முடிவெடுத்தல் கூடாது. மூன்றாண்டுச் செலவைக் கூட்டிப் பார்த்தல் வேண்டும்.

அச்செலவை ரூபாயில் மட்டுமன்றிச் சரக்கிலும் அளந்து பார்க்கலாம். மாதம் 500 ரூபாய்க் கட்டணம் எனில் ஆண்டுக்கு 6,000 ரூபாய். ஒரு கிலோ முந்திரிப்பருப்பில் கிடைக்கும் ஆதாயம் 60 ரூபாய் என வைத்துக்கொண்டால், 100 கிலோ விற்ற ஆதாயம் அந்த மென்பொருளுக்கே போகிறது. அந்த 100 கிலோவை விற்பதற்கு அது உதவுமா என்பதே கேட்கவேண்டிய வினா.

படிப்படியாகத் தேர்தல்

தொடக்கத்தில் நாளொன்றுக்கு இரண்டு, மூன்று கோரிக்கைகளே வரும். அந்நிலையில் ஒரு விரிதாள் போதுமானது. முந்திரிப்பருப்பில் முழுப்பருப்பு, பிளவுப்பருப்பு, உடைபருப்பு எனத் தரங்கள் உண்டு. முழுப்பருப்பிலும் 180, 240, 320 என எண்ணால் குறிக்கப்படும் பிரிவுகள் உள்ளன. ஒரு பவுண்டு எடையில் அடங்கும் பருப்புகளின் எண்ணிக்கையை அவ்வெண்கள் குறிக்கின்றன. எண் சிறிதாக இருந்தால் பருப்புப் பெரிது, விலையும் மிகுதி. தரத்திற்கு ஒரு வரிசையாக வாங்கியது, விற்றது, இருப்பது என விரிதாளில் எழுதினால், தனி இருப்பு மென்பொருள் அப்போதைக்குத் தேவைப்படாது.

பொருளைக் காட்டுவதற்கு, 2018இல் வெளிவந்த வாட்சாப் வணிகச் செயலியின் பொருள்பட்டியலே தொடக்கத்திற்குப் போதும். பணம் பெறுவதற்கு, 2016இல் இந்தியத் தேசியக் கொடுப்பனவுக் கழகம் அறிமுகப்படுத்திய யூ.பி.ஐ. முறை உள்ளது. வங்கிக் கணக்கிலிருந்து யூ.பி.ஐ. வழியே வரும் தொகைக்கு வணிகரிடம் வங்கிகள் கழிவு பெறுதல் கூடாது என்னும் விதி 2020 சனவரியில் நடைமுறைக்கு வந்தது. அட்டைவழிப் பணத்தைப் பெற்றுத்தரும் இடைநிலை நிறுவனங்களோ, ஒவ்வொரு விற்பனையிலும் நூற்றுக்கு இவ்வளவு எனக் கட்டணம் பெறுகின்றன. விற்பனை பெருகும்வரை அவற்றை நாடாமல் இருப்பது சிக்கனம்.

கணக்கு மென்பொருளைப் பொறுத்தவரை சிக்கனத்தைவிடச் சட்டமே முதன்மை பெறும். 2017 சூலை 1 முதல் சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறையில் உள்ளது. மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து புதுச்சேரி தொலைவில் இல்லை. ஆனால் அது வேறோர் ஆட்சிப்பகுதி. முந்திரிப்பருப்பு போன்ற வரிக்குரிய சரக்கை அங்கு விற்பது மாநிலங்களுக்கு இடைப்பட்ட விற்பனையாகும். விற்பனை எவ்வளவு சிறிதாயினும் அதற்கு வரிப்பதிவு வேண்டும். விற்பனைச் சீட்டிலும் வேறு வகை வரியைக் காட்டுதல் வேண்டும். தொலைவிலுள்ள சென்னைக்கு ஒருவகைச் சீட்டு, அருகிலுள்ள புதுச்சேரிக்கு வேறுவகைச் சீட்டு. இவ்வேறுபாட்டைப் பிழையின்றிச் செய்யும் மென்பொருளே அவருக்கு ஏற்றது. வெளிநாட்டு மென்பொருள் எவ்வளவு அழகாயினும், இதனைச் செய்யாவிடில் பயனில்லை.

கோரிக்கைகள் பெருகி, ஒரே கணக்கை இருவர் ஒரே நேரத்தில் பார்க்கவேண்டிய நிலை வரும்போது விரிதாள் தடுமாறும். ஒரே பொட்டலம் இருவருக்கு விற்கப்படும். யாருக்கு அனுப்பியாயிற்று என்பதில் குழப்பம் தோன்றும். அதுவே கட்டண மென்பொருளுக்கு மாறவேண்டிய காலம். தேவை உணரப்பட்டபின் வாங்கும் கருவி வீணாவதில்லை.

கணக்கின் உரிமை

பர்மா, மலாயா, இலங்கை ஆகிய நாடுகளில் வணிகம் செய்த நாட்டுக்கோட்டை நகரத்தார், பேரேடு, ஐந்தொகை என ஒழுங்குபட்ட கணக்குமுறையைப் பேணினர். கடல்கடந்த கடையை முகவர் நடத்தினாலும், அதன் வரவுசெலவு தாயகத்திலுள்ள முதலாளிக்குத் தெரிந்திருந்தது. முகவர் மாறலாம், கட்டடம் மாறலாம், பேரேடு உரியவரிடம் இருந்தது.

இன்றைய இணைய வணிகரின் பேரேடு எங்கே இருக்கிறது? பெரும்பாலும் எங்கோ உள்ள ஒரு நிறுவனத்தின் கணினியில் இருக்கிறது. வாடிக்கையாளரின் பெயர், முகவரி, வாங்கிய பொருள், தரவேண்டிய பாக்கி அனைத்தும் அங்கேயே தங்கியுள்ளன. அந்நிறுவனம் கட்டணத்தை உயர்த்தினாலோ, சேவையை நிறுத்தினாலோ வணிகர் என்ன செய்வார்?

இஃது ஊகத்தால் எழும் அச்சமன்று. கூகுள் நிறுவனம், தன் வணிகப் பக்கங்களுடன் இணைத்துச் சிறு வணிகர்களுக்கு விலையின்றி வலைத்தளம் அமைத்துத் தந்தது. 2024 மார்ச்சில் அவ்வசதி நிறுத்தப்பட்டது. அத்தள முகவரிகளை அச்சிட்டுக் கொடுத்திருந்த வணிகர்கள் புதிய தளங்களைத் தேடவேண்டியதாயிற்று. பெருநிறுவனத்திற்கு அது சிறு சேவை. சிறு வணிகருக்கோ அதுவே கடையின் பெயர்ப்பலகை.

எனவே, எந்த மென்பொருளையும் ஏற்குமுன் ஓர் எளிய தேர்வை நடத்துதல் வேண்டும். பத்துப் பொருள்களையும் பத்து வாடிக்கையாளர் பெயர்களையும் அதில் உள்ளிட வேண்டும். பின்னர், அவை அனைத்தையும் பொதுவான கோப்பு வடிவில் வெளியே எடுத்து, வேறொரு மென்பொருளில் திறந்து பார்க்க வேண்டும். பிழையின்றித் திறந்தால் அம்மென்பொருளை நம்பலாம். வெளியே எடுக்க வழியில்லை எனில், விலையின்றிக் கிடைத்தாலும் அதனை விலக்குவதே அறிவுடைமை. உள்ளே செல்லும் வாயிலை எல்லா நிறுவனங்களும் அகலமாகத் திறந்து வைக்கின்றன. வெளியேறும் வாயில் உண்டா எனப் பார்க்கவேண்டியவர் வணிகரே.

காத்தலும் கடமையே

வாரந்தோறும் கணக்கின் காப்புப்படி ஒன்றை எடுத்து வேறிடத்தில் வைப்பதும், ஒவ்வொரு சேவைக்கும் வெவ்வேறு கடவுச்சொல் அமைப்பதும், இருபடிச் சரிபார்ப்பை இயக்கி வைப்பதும் செலவில்லாத பாதுகாப்புகள். விலைமிக்க மென்பொருளின் திருட்டுப் படியை நிறுவுவதோ சட்டத்திற்கும் புறம்பு, பாதுகாப்பிற்கும் கேடு. அப்படிகளில் தீநிரல்கள் ஒளிந்திருந்து வங்கிக் கடவுச்சொற்களைக் கவர்வதுண்டு. கட்டற்ற மென்பொருள் நேர்வழியில் கிடைக்கும்போது திருட்டுப் படிக்குத் தேவையே இல்லை.

மென்பொருள் பருப்பைச் சுவையாக்காது. பொட்டலத்தில் எடையைக் கூட்டாது. நல்ல சரக்கு, நேர்மையான எடை, சொன்ன நாளில் அனுப்புதல் ஆகியவையே வாடிக்கையாளரை மீண்டும் வரச்செய்யும். அவற்றைச் செய்வதற்கு வணிகருக்கு நேரத்தையும் தெளிவையும் தருவதே மென்பொருளின் பணி. அப்பணிக்கு உரிய கூலியை மட்டும் கொடுத்து, பேரேட்டைத் தம் கையில் வைத்துக்கொள்பவர் எந்த ஊரிலிருந்தும் உலகிற்கு விற்கலாம்.

தெரிந்து தெளிவோம்

கணினித் தமிழின் தொடக்கக் காலத்தில் ஒவ்வோர் எழுத்துருவுக்கும் ஒவ்வொரு குறியேற்றம் இருந்தது. ஒன்றில் தட்டச்சிட்டதை மற்றொன்றில் படிக்க இயலவில்லை. எழுத்துரு மறைந்தபோது ஆவணமும் பயனற்றுப் போயிற்று. உலக மொழிகளுக்கெல்லாம் பொதுவான ஒருங்குறி, இக்குறையைப் போக்கியது. வாடிக்கையாளர் பெயர்களை ஒருங்குறித் தமிழில் எழுதிவைத்தால், மென்பொருள் மாறினாலும் பெயர் மாறாது.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் ஊரில் விளையும் அல்லது செய்யப்படும் பொருள் ஒன்றை இணையவழி விற்பதற்குத் தேவையான வேலைகளைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றிற்கும் ஏற்ற மென்பொருளையும் அதன் மூன்றாண்டுச் செலவையும் எழுதுக.

2. 'விலையின்றிக் கிடைப்பதெல்லாம் கட்டற்றதன்று' என்னும் பொருளில் வகுப்பறையில் கலந்துரையாடுக.