வீட்டுக்கார அம்மாளும் தையல்காரரும்

‘குங்ஃபூ ஹஸில்’ என்று ஒரு ஹாங்காங் படம். ஸ்டீபன் சௌ 2004-இல் இயக்கி, அவரே நடித்தும் இருக்கிறார். விடுமுறைக்கு வந்த பேரன் போட்டுக் காட்டினான். அவன் ஊருக்குப் போன பிறகு நானே இரண்டு தடவை பார்த்துவிட்டேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது நாகரிகமான படம் இல்லை. ஒருத்தன் படம் முழுக்கக் கால்சட்டை இடுப்பை விட்டு இறங்கியபடியே திரிகிறான். சின்னப் பையன் ஒருவனைக் கீழே தள்ளி, மற்ற பையன்கள் அவன் மேல் சிறுநீர் கழிக்கிறார்கள். ஆரம்பத்திலேயே ஒரு பெண்ணை முதுகில் சுடுகிறார்கள். குழந்தைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்க்காதீர்கள்.

கதை ரொம்ப எளிது. பழைய ஷாங்காய் நகரம். கறுப்பு கோட்டும் தொப்பியும் போட்ட கோடாலிக் கும்பல் ஊரையே நடுங்க வைக்கிறது. அந்தக் கும்பலே சீண்டாத ஓர் ஏழைக் குடியிருப்பு, பன்றித்தொழுவச் சந்து என்று பெயர். பறிக்க அங்கே ஒன்றும் இல்லை. நாயகன் ஒரு வெத்துவேட்டு. கும்பல்காரன் போல வேஷம் போட்டு அங்கே மிரட்டப் போகிறான். அதில் நிஜக் கும்பலே வந்துவிடுகிறது. வந்த பிறகுதான் தெரிகிறது, அங்கிருக்கும் கூலிக்காரர், தையல்காரர், பலகாரம் போடுகிறவர் மூவரும் பெரிய வித்தைக்காரர்கள் என்று.

படத்தின் வேகம்தான் என்னைப் பிடித்து உட்கார வைத்தது. நாயகனும் கூட்டாளியும் வீட்டுக்கார அம்மாளைக் கத்தி வீசிக் கொல்லப் பார்க்கும் காட்சியைச் சொல்ல வேண்டும். வீசுகிற கத்தியெல்லாம் நாயகன் உடம்பிலேயே வந்து குத்துகிறது. பிறகு பாம்புகளை அவிழ்த்துவிட, அவையும் அவனையே கடிக்கின்றன. வீங்கிப்போன உதட்டோடு அவன் ஓட, அந்த அம்மாள் துரத்த, இருவர் கால்களும் கார்ட்டூன் படம் மாதிரி சக்கரமாகச் சுழல்கின்றன. எனக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

கால்சட்டைக்காரனைப் பார்த்ததுமே “இதெல்லாம் ஒரு படமா?” என்று எழுந்து போன என் மனைவி, வீட்டுக்கார அம்மாள் குரல் கேட்டுத் திரும்பி வந்தாள். தலையில் சுருள் கிளிப்புகள், இரவு உடை, உதட்டில் சிகரெட். குடித்தனக்காரர்கள் தலைக்கு சோப்புப் போட்ட நேரத்தில் தண்ணீரை நிறுத்துகிறாள்! “ஏங்க, சிகரெட் ஒண்ணுதான் குறைச்சல். மத்தபடி நம்ம திருவல்லிக்கேணி வீட்டுக்கார அம்மாவேதான்” என்றாள்.

1974-இல் கல்யாணம் ஆன புதிதில் நாங்கள் அங்கே ஒண்டுக்குடித்தனம் இருந்தோம். ஒன்பது குடித்தனம், ஒரே கிணறு, ஒரே குழாய். வாடகை இரண்டு நாள் தள்ளிப்போனால் குழாய்க்குப் பூட்டு. ராத்திரி பத்து மணிக்கு மெயினை அணைத்துவிடுவார் அந்த அம்மாள். ஆனால் என் மனைவிக்கு ஏழாம் மாதம் வலி எடுத்த இரவு, மழையில் ஓடிப்போய் ரிக்ஷா பிடித்து வந்ததும் அதே அம்மாள்தான்.

ஹாங்காங்கில் 1973-இல் ‘72 குடித்தனங்களின் வீடு’ என்று ஒரு படம் வந்து சக்கைப்போடு போட்டது. அதில் வீட்டுக்காரரும் மனைவியும்தான் வில்லன்கள். ஸ்டீபன் சௌ அதே ஜோடியை எடுத்துக்கொண்டு, அவர்களையே குடித்தனக்காரர்களைக் காப்பாற்றுகிறவர்களாக மாற்றிவிட்டார். அம்மாளாக நடித்த யுவன் சியூ, ஜாக்கி சான் படித்த அதே நாடகப் பள்ளியில் பயின்றவர். பல வருடங்கள் சினிமாவை விட்டு விலகி இருந்து, நடுத்தர வயதில் திரும்பி வந்தார். கணவராக வரும் யுவன் வா, ‘என்டர் தி டிராகன்’ படத்தில் புரூஸ் லீக்குப் பதிலாகக் குட்டிக்கரணம் போட்டவர். இந்த வயதில் இவர்களால் என்ன ஆகும் என்று நினைக்கிறவர்களுக்கு அந்த இருவரும் காலாலேயே பதில் சொல்கிறார்கள். பென்ஷன்காரனுக்கு இது பிடிக்காமல் போகுமா?

இனி குறைகள். கம்ப்யூட்டரில் செய்த காட்சிகள் பல இன்று பொம்மை போல இருக்கின்றன. அது போகட்டும். வாய் பேச முடியாத ஐஸ்கிரீம் விற்கும் பெண் ஒருத்தி வருகிறாள். நாயகன் மனம் மாற அவள் ஒரு காரணம். ஆனால் அவளுக்கென்று படத்தில் சில நிமிடங்கள்கூட இல்லை. எந்த வேகத்தைப் புகழ்ந்தேனோ, அதே வேகம் செத்தவர்களுக்காக ஒரு நிமிடம் நிற்பதில்லை. கூலிக்காரர் மூட்டையைக் கட்டிக்கொண்டு போகும்போது தலை போய்விடுகிறது. படம் அடுத்த சண்டைக்கு ஓடிவிடுகிறது.

எனக்கு உறுத்துவது தையல்காரர் விஷயம். அவர் நடையிலும் பேச்சிலும் பெண்மைச் சாயல். அதை வைத்தே சிரிப்பு மூட்டுகிறார்கள். வித்தையைக் காட்டிக் குடியிருப்பைக் காப்பாற்றிய பிறகும் அந்தக் கேலி நிற்கவில்லை. மட்டமாக நினைத்தவர்களுக்குள்தான் பெரிய ஆள் ஒளிந்திருக்கிறான் என்று சொல்ல வந்த படம், இவர் விஷயத்தில் மட்டும் தன் பேச்சைத் தானே மறந்துவிடுகிறது.

திருவல்லிக்கேணி வீட்டில் பின்கட்டில் ஒரு சமையல்காரர் குடியிருந்தார். கல்யாணங்களுக்குச் சமைக்கப் போவார். அவர் நடையும் அப்படித்தான் இருக்கும். குழாயடியில் குடத்தை வைத்துக்கொண்டு நின்றால், மற்ற ஆண்கள் அவரைப் போல நடந்து காட்டிச் சிரிப்பார்கள். அவரும் கூடவே சிரிப்பார். அவர் வைக்கும் ரசத்தின் வாசனைக்கு ஒன்பது குடித்தனமும் ஏங்கும். ஒருநாள் விடிகாலையில் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் வீட்டைக் காலி செய்துகொண்டு போய்விட்டார். வாடகைப் பாக்கி ஒரு பைசா வைக்கவில்லை என்று வீட்டுக்கார அம்மாள் ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தார். எங்கே போனார் என்று யாருக்கும் தெரியாது.

வழுக்கி விழுகிறவன், கத்தி குத்துகிறவன், பாம்பு கடிக்கிறவன் எல்லோரையும் பார்த்துத் தாராளமாகச் சிரிக்கலாம். அது அவனுக்கு நடக்கிற விஷயம். ஒருவர் பிறந்த வாகைப் பார்த்துச் சிரிப்பது வேறு கணக்கு. படம் இரண்டையும் ஒரே தட்டில் வைத்துப் பரிமாறுகிறது. சாப்பிடுகிறவர்தான் பிரித்து எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஆனாலும் பாருங்கள். தையல்காரர் இரண்டு கைகளிலும் இரும்பு வளையங்களை மாட்டிக்கொண்டு கும்பலின் எதிரே வந்து நிற்கும் இடத்தைத் தவற விடாதீர்கள். அந்தச் சில நிமிடங்கள் மட்டும் அவரைப் பார்த்து யாரும் சிரிப்பதில்லை.