நூறு எம்.பி.

கும்பகோணத்தில் சின்னதாக ஒரு டி.டி.பி. கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி. இருபது வருடமாகக் கம்ப்யூட்டரோடுதான் பிழைப்பு. தெருவில் யார் வீட்டில் மெஷின் நின்றுபோனாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். எனக்குத் தெரியும் என்று அவர்கள் நம்பினார்கள். நானும் நம்பிவிட்டேன்.

கடை மெஷின் 2016-இல் வாங்கியது. உள்ளே 500 ஜி.பி. ஹார்ட் டிஸ்க். ஆறு வருடத்தில் அது தேய்ந்து, கோரல்டிரா திறப்பதற்குள் வெளியே போய் டீ குடித்துவிட்டு வந்துவிடலாம் என்கிற நிலைக்கு வந்துவிட்டது. ஒரு எஸ்.எஸ்.டி. வாங்கி நானே மாட்டினேன். பழைய டிஸ்கைக் கழற்றவில்லை. அது பாட்டுக்கு இருக்கட்டும் என்று விட்டுவிட்டு, புதியதில் விண்டோஸ் 10-ஐ ஏற்றினேன். மெஷின் பறந்தது. ஒரு வாரம் ஆசை ஆசையாக வேலை பார்த்தேன். பழைய டிஸ்கில் இருந்த ஃபைல்களையெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகப் புதியதற்கு மாற்றினேன். ‘அம்மா’ என்று ஒரு ஃபோல்டர் இருந்தது. அதையும் மாற்றினேன்.

அந்த ஃபோல்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அம்மா இருந்தபோது, 2014-இல், மத்தியானங்களில் பக்கத்தில் உட்கார்ந்து அவளைப் பேசச் சொல்லி போனில் பதிவு செய்திருந்தேன். மொத்தம் 37 பதிவு. நடவுப் பாட்டு, 1952-இல் அடித்த புயலில் கூரை பறந்த ராத்திரி, தாத்தா செத்தபோது பாட்டி வீட்டை நடத்திய விதம். அக்கா இரண்டு தடவை கேட்டாள், ஒரு பென்டிரைவில் போட்டுக் கொடுடா என்று. தருகிறேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி பழைய டிஸ்கைக் கழற்றி யு.எஸ்.பி. கேஸில் போட்டு, மகளின் லேப்டாப்பில் சொருகினேன். அடுத்த வருடக் கணக்குவழக்கு வைத்துக்கொள்ள அது உதவும் என்று எண்ணம். இருந்த பார்டிஷன்களை எல்லாம் அழித்து, ‘குயிக் ஃபார்மேட்’ டிக்கை எடுத்துவிட்டு முழு ஃபார்மேட் கொடுத்தேன். அது முடிய மணிக்கணக்காகும். ஓடட்டும் என்று படுக்கப் போய்விட்டேன். காலையில் மகளே அதைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டுக் கல்லூரிக்குப் போய்விட்டாள்.

திங்கட்கிழமை கடையைத் திறந்து மெஷினைப் போட்டேன். கறுப்புத் திரை. பூட் ஆவதற்கு எந்த டிஸ்கும் இல்லை என்று ஒரு வரி. வாசலில் பத்திரிகை ப்ரூஃப் பார்க்கப் பெண்ணின் அப்பா வந்து நிற்கிறார். பயாஸுக்குள் போனேன். எஸ்.எஸ்.டி.யின் பெயர் பட்டியலில் தெளிவாக இருந்தது. ‘விண்டோஸ் பூட் மேனேஜர்’ என்ற வரி மட்டும் இல்லை. ஒரு வாரம் முன்பு அந்த வரி இருந்ததையும், அதன் பக்கத்தில் பழைய டிஸ்கின் பெயர் போட்டிருந்ததையும் என் கண்ணாலேயே பார்த்திருந்தேன். பார்த்தும் ஏன் என்று கேட்கவில்லை. அன்றைக்கும் கேட்கவில்லை. எஸ்.எஸ்.டி. விற்ற பையனுக்கு போன் போட்டு, போலிச் சரக்கைத் தலையில் கட்டிவிட்டாய் என்று, கடையில் நின்றவர் காதுபடக் கத்தினேன். அவன், “சார், எடுத்துட்டு வாங்க, பார்க்கலாம்” என்று மட்டும் சொன்னான்.

எடுத்துப்போக எனக்குப் பொறுமை இல்லை. விண்டோஸ் பென்டிரைவைச் சொருகினேன். எஸ்.எஸ்.டி.யில் இருந்த பார்டிஷன்களை ஒவ்வொன்றாக டிலீட் செய்தேன். ஃபைல்கள் போய்விடுமே என்று ஒரு கணம் தோன்றத்தான் செய்தது. எல்லாம் பழைய டிஸ்கில் இருக்கிறதே என்று மனம் உடனே பதில் சொன்னது. ஆறு வருடப் பழக்கம் அது. நெக்ஸ்ட் அழுத்தினேன்.

அரைமணியில் விண்டோஸ் வந்தது. பத்திரிகை வேலை மெயிலில் இருந்ததால் தப்பியது. அவரை அனுப்பிவிட்டு, மத்தியானம் மகளுக்கு போன் செய்து அந்த டிஸ்க் எங்கே என்று கேட்டேன். “அலமாரியிலப்பா. ஃபார்மேட் முடிஞ்சிருந்துச்சு, எடுத்து வெச்சிட்டேன்” என்றாள்.

கையில் போன் இருந்தது. மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. அவள் வேறு ஏதோ கேட்டாள், நான் பதில் சொல்லவில்லை. கிளிக் செய்த விரலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். புதியதையும் நான்தான் அழித்தேன், பழையதையும் நான்தான் அழித்தேன். அம்மா பாடும்போது ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவில் இழுக்கும் மூச்சு எனக்குக் கேட்டது. வார்த்தைகள் வரவில்லை, மூச்சு மட்டும்தான்.

சாயங்காலம், முன்பு என்னிடம் வேலை பார்த்த தம்பி வந்தான். இப்போது அவன் சர்வீஸ் கடை வைத்திருக்கிறான். இரண்டு டிஸ்கிலும் ரெக்கவரி ஓட்டிப் பார்த்தான். முழு ஃபார்மேட் என்பது டிஸ்க் முழுக்கப் பூஜ்ஜியத்தை எழுதிவிடும். எஸ்.எஸ்.டி.யில் அழித்த இடத்தை ‘ட்ரிம்’ என்ற கட்டளை துடைத்துவிடும். ஒன்றும் வரவில்லை.

பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னான். “அண்ணே, பழைய டிஸ்க் மாட்டியிருக்கும்போதே விண்டோஸ் போட்டீங்கள்ல. அது பூட் ஃபைலைப் புதுசுல வைக்கல. பழசுல ஏற்கெனவே இருந்த இ.எஃப்.ஐ. பார்டிஷன்லயே வெச்சிருச்சு. நூறு எம்.பி.தாண்ணே இருக்கும். அதைத்தான் நீங்க கழட்டிட்டீங்க. எஸ்.எஸ்.டி.க்குள்ள விண்டோஸ், ஃபைலு எல்லாம் அப்படியேதான் இருந்திருக்கும்.”

“அப்ப என்ன செஞ்சிருக்கணும்?”

“எஸ்.எஸ்.டி.யில நூறு எம்.பி. இடம் ஒதுக்கி, பென்டிரைவுல பூட் பண்ணி, பி.சி.டி.பூட்னு ஒரு வரி அடிச்சிருந்தா எழுந்திருக்கும்ணே. விண்டோஸ் போடுறப்பவே பழசோட கேபிளை உருவி வெச்சிருந்தா அதுகூட வேண்டாம்.”

மறுநாள் எஸ்.எஸ்.டி. விற்ற பையனைப் பார்க்கப் போனேன். அவன் கடையிலும் நாலு பேர் நின்றார்கள். அவர்கள் முன்னாலேயே, தப்பு என்மேல்தான் என்று சொல்லிவிட்டு வந்தேன். அந்த எஸ்.எஸ்.டி. இன்றைக்கும் குறையில்லாமல் ஓடுகிறது.

அக்காவிடம் மட்டும் இன்னும் சொல்லவில்லை. போன பொங்கலுக்கும் கேட்டாள், தேடித் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். அக்கா, தேட ஒன்றுமில்லை. நீ முதல் தடவை கேட்டபோதே கொடுத்திருக்க வேண்டும். என்னை மன்னித்துவிடு.