கேஸ் ஷீட் அலமாரியும் ஒரு கலர் பாட்டிலும்

கரையான் பத்தி ஒரு டாக்டர் எதுக்கு த்ரெட் போடறான்னு கேக்கலாம். காரணம் கீழ இருக்கு, பொறுமையா வாங்க.

ஆத்தூர் க்ளினிக்ல பழைய கேஸ் ஷீட் வைக்கிற மர அலமாரி. ஐப்பசி மழைக்கு அப்புறம் ஒருநாள் திறந்தா பின்பக்கம் முழுக்க மண். ஒரு கட்டை உருவினேன். உள்ளேருந்து சரசரன்னு சத்தம், காஞ்ச சருகு மேல தூறல் விழற மாதிரி. வெளுப்பா இருந்த வேலைக்காரக் கரையானெல்லாம் உள்ள ஓடுச்சு. பழுப்புத் தலையும் பெரிய தாடையுமா இருந்ததுங்க வெளிய வந்துச்சு.

ரெண்டுக்குமே பார்வை கிடையாது. அப்புறம் எப்படித் தெரியுது? ஒண்ணு, அந்தச் சத்தம். வீரர்கள் தலையைத் தரையில தட்டும். மத்ததுங்க அந்த அதிர்வைக் கால்ல உணரும். இன்னொண்ணு வாசனை. மூக்கு நீண்ட ஒரு வகைக் கரையான், எதிரி மேல பசையைப் பீய்ச்சும். அதுல டர்பன்டைன்ல இருக்கற பைனீன் மாதிரிப் பொருட்கள் இருக்கு. பசை எதிரியைக் கட்டிப்போடும், காத்துல கலக்கற வாசனை மத்த வீரர்களைக் கூப்பிடும். ஆயுதமும் சைரனும் ஒண்ணே.

நம்ம வயல்ல புற்று கட்டறது ஓடன்டோடெர்மிஸ். ஆப்பிரிக்காவுல இருக்கற அதோட சொந்தக்கார இனத்துல, வீரனோட எச்சில்ல பென்சோகுவினோனும் புரதமும் கண்டுபிடிச்சாங்க. கடிச்ச இடத்துல ரப்பர் மாதிரி கெட்டியாயிடும். இத்தனைக்கும் அந்த வீரனால தானா சாப்பிட முடியாது. வேலைக்காரங்கதான் ஊட்டணும்.

(டாக்டருங்க இதுல மூக்கை நுழைக்கிறது புதுசில்ல. 1768-ல தரங்கம்பாடி டேனிஷ் மிஷனுக்கு வைத்தியரா வந்த கோனிக், 1779-லேயே நம்ம ஊர்க் கரையான் பத்தி ஜெர்மன்ல எழுதிட்டார்.)

என்னை ரொம்ப நேரம் யோசிக்க வெச்சது பிரெஞ்சு கயானா கரையான். 2012-ல வந்த ஆய்வு. வேலைக்காரங்களுக்கு வயசாகி, பல் தேய்ஞ்சு, இனி மரம் அரிக்க முடியாதுங்கற நேரத்துல முதுகுல நீலப் படிகம் சேர்ந்திருக்கும். சண்டைன்னா உடம்பே வெடிக்கும், படிகம் உள்ளிருக்கற திரவத்தோட கலந்து விஷமாயிடும். கிழடுங்கதான் அதிகமா வெடிக்குதுங்க.

சரி, விஷயத்துக்கு வர்றேன். மறுநாள் க்ளினிக் அக்கா, "மருந்து வாங்கியாந்துட்டேனுங்க சார்"னு ஒரு பாட்டிலை மேசை மேல வெச்சாங்க. கலர் பாட்டில். உள்ள பால் மாதிரி குளோர்பைரிஃபாஸ் கரைசல்.

எனக்குக் கை நடுங்கிடுச்சு. ஹவுஸ் சர்ஜனா இருந்தப்ப இதே மாதிரி பாட்டில்ல இருந்து குடிச்ச ஒரு ஆறு வயசுப் பையன் வந்தான். "கலர்னு நெனச்சுக் குடிச்சிட்டானுங்க சார்"னு அவங்கம்மா சொன்னது இன்னும் காதுல இருக்கு. கண்மணி ஊசிமுனை அளவு. வாயில நுரை, உடம்பெல்லாம் வேர்வை, நெஞ்சு முழுக்கச் சளி. நரம்பு அனுப்பற சேதியை நிறுத்தி வைக்கிற என்சைமை இந்த மருந்து முடக்கிடும்; சேதி நிக்காம போய்க்கிட்டே இருக்கும். கரையானுக்கும் அந்த என்சைம்தான், பையனுக்கும் அதுதான். ராத்திரி முழுக்க அட்ரோபின் போட்டோம். நாலு நாள் வென்டிலேட்டர். பிழைச்சான்.

யாராவது குடிச்சிட்டா வாந்தி எடுக்க வைக்காதீங்க. உப்புத்தண்ணி, சாணித்தண்ணி எதுவும் வேண்டாம். மேல பட்ட துணியைக் கழட்டி, கையுறை போட்டு சோப்புத் தண்ணியில கழுவுங்க. 108-க்கு போன் பண்ணுங்க. மருந்து டப்பாவை லேபிளோட கையில எடுத்துட்டு வாங்க.

அந்தப் பாட்டிலைக் கடைக்கே திருப்பி அனுப்பிட்டேன். ஒரிஜினல் டப்பாவுல தராத மருந்தை வாங்கறதில்லன்னு அக்காகிட்ட சொல்லியாச்சு. அலமாரியில 2009-க்கு முந்தின கேஸ் ஷீட் எதுவும் மிஞ்சல. புதுசா இரும்பு பீரோ வாங்கியிருக்கேன்.