வேண்டுமென்றே செய்தாரா?

செப்டம்பர் 19, 2024, வியாழன்

இ.டி.டி.யிலிருந்து இன்று அப்பாவுக்குப் போன். கலிபோர்னியாவின் வேலைவாய்ப்பு மேம்பாட்டுத் துறையை இங்கே எல்லோரும் அப்படித்தான் சொல்கிறோம். வேலை போனவர்களுக்கு வாராவாரம் உதவித்தொகை தருவது அவர்கள் பொறுப்பு. டிரேசி ஊருக்கு வெளியே ஒரு கிடங்கில் நைட் ஷிஃப்டில் இருந்த அப்பாவை ஆகஸ்ட் கடைசியில் வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள். மறுநாளே ஆன்லைனில் விண்ணப்பம் போட்டுவிட்டேன். விண்ணப்பம் போட்டதும் பழைய முதலாளிக்கு ஒரு நோட்டீஸ் போகும். பத்து நாளுக்குள் அவர்கள் மறுப்பு எழுதலாம். எழுதியிருக்கிறார்கள்: "மேற்பார்வையாளர் இட்ட வேலையைச் செய்ய மறுத்தார். கீழ்ப்படியாமை."

போனில் பேசிய பெண்மணி நிதானமானவர். "கடைசி நாள் என்ன நடந்தது?" என்று கேட்டார். அப்பா வேலையில் சேர்ந்த நாளிலிருந்து ஆரம்பித்தார். சம்பளச் சீட்டில் ஓவர்டைம் விட்டுப்போனது, மைக்ரோவேவ் பழுதானது எல்லாம் வந்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்து சைகை காட்டியும் பயனில்லை. அந்த அம்மாவே இழுத்துப் பிடித்து அந்த ராத்திரிக்குக் கொண்டுவந்தார்.

அந்த ராத்திரி நடந்தது இவ்வளவுதான். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற பையன் வரவில்லை. மேற்பார்வையாளர் அப்பாவை ஏறி ஓட்டச் சொன்னார். அப்பா, "எனக்கு அதுல ட்ரெயினிங் இல்ல, ஓட்டமாட்டேன்" என்றார். வீட்டுக்குப் போ என்றார்கள். இரண்டு நாள் கழித்து, இனி வரவேண்டாம் என்று மெயில்.

அக்டோபர் 4, வெள்ளி

தீர்ப்பு சாதகம். அப்பாவின் வேலைநீக்கம் "ஒழுங்கீனத்துக்காக அல்ல" என்று கடிதத்தில் ஒரே வரி. முதல் வாரம் காத்திருப்பு வாரம், அதற்குக் காசு கிடையாது. அடுத்த வாரங்களுக்கு வாரம் 400 டாலர். அதிகம் சம்பாதித்த காலாண்டின் வருமானத்தை 26ஆல் வகுத்து வருகிற கணக்கு. எவ்வளவு சம்பளம் வாங்கியவராக இருந்தாலும் இந்த மாநிலத்தில் 450க்கு மேல் போகாது. அந்த உச்சவரம்பைப் பல வருஷமாக அப்படியே வைத்திருக்கிறார்கள். வாடகை எங்கேயோ போய்விட்டது.

அப்பாவுக்குப் பணம் வந்ததில் சந்தோஷமில்லை, பயம்தான் வந்தது. "அரசாங்கத்துக் காசு வாங்கினா கிரீன் கார்டுக்கு வில்லங்கம் வராதா கண்ணு? நீ ஸ்பான்சர் பண்ணுனவ, உன்ற தலையில வந்து விழுமே?" கோயிலில் யாரோ கிளப்பிவிட்டிருக்கிறார்கள். வேலையில்லாக் காப்பீடு உழைத்தவர் சம்பாதித்த உரிமை, குடியேற்றத் துறை அதை இலவச உதவியோடு சேர்த்து எண்ணுவதில்லை. இரண்டு முறை படித்துக் காட்டினேன்.

"அப்ப என்ற சம்பளத்துல பிடிச்ச காசா?"

அதுவும் இல்லை. தொழிலாளியிடம் இதற்காகப் பிடிக்கிற மாநிலங்கள் மூன்றுதான்: அலாஸ்கா, நியூஜெர்சி, பென்சில்வேனியா. கலிபோர்னியாவில் முழுக்க முதலாளி கட்டுகிற வரி.

"ஓ, அதுனாலதான் அவனுக்கு வயித்தெரிச்சல்" என்றார். சரியாகத்தான் பிடித்துவிட்டார்.

அக்டோபர் 30, புதன்

நாளை தீபாவளி. முறுக்கு மாவு பிசைந்த கையோடு தபாலைப் பிரித்தேன். கம்பெனி மேல்முறையீடு செய்திருக்கிறது. தீர்ப்பு அனுப்பிய 30 நாளுக்குள் இரு தரப்பில் யார் வேண்டுமானாலும் செய்யலாம். இனி வழக்கு மேல்முறையீட்டு வாரியத்தின் நீதிபதியிடம் போகும்.

"காசை நிறுத்திப்போடுவாங்களா?" என்பதுதான் அப்பாவின் முதல் கேள்வி. நிறுத்த மாட்டார்கள். அதற்குக் காரணம் இதே கலிபோர்னியாவில் இருந்து போன ஒரு வழக்கு. ஒரு காலத்தில் இங்கே முதலாளி மேல்முறையீட்டுக் காகிதத்தை நீட்டிய உடனே, தகுதி என்று தீர்ப்பான பணமும் நின்றுவிடும். ஜாவா என்ற பெண்ணின் வழக்கு நாட்டின் உச்ச நீதிமன்றம் வரை போய், 1971இல் அந்த முறையை ரத்து செய்தார்கள். தகுதி என்று சொன்ன பிறகு காசு உரிய நேரத்தில் போய்ச் சேரவேண்டும், முதலாளி ஆட்சேபித்தார் என்பதற்காக நிறுத்தக் கூடாது. வேலையில்லாதவனுக்கு ஆறு மாசம் கழித்து வருகிற காசால் என்ன பிரயோஜனம்? ஐம்பது வருஷத்துக்கு முன்னால் அந்தப் பெண் போட்ட வழக்கில் எங்கள் வீட்டுத் தீபாவளி நடக்கிறது.

ஆனால் தோற்றால் வாங்கியதைத் திருப்பிக் கேட்பார்கள். இதை இன்றைக்கு அப்பாவிடம் சொல்லவில்லை. பண்டிகை முடியட்டும்.

நவம்பர் 10, ஞாயிறு

கோப்பை வரவழைத்துப் படித்தேன். விசாரணைக்கு முன்பே இரு தரப்பும் கோப்பைப் பார்த்துக்கொள்ளலாம். பார்க்காமல் போகிறவர்களும் இருக்கிறார்களாம், எப்படித்தான் போகிறார்களோ.

கம்பெனியின் கடிதங்களில் கம்பெனிக்காரர் கையெழுத்தே இல்லை. எல்லாம் வேறொரு மாநிலத்து ஏஜென்சியின் பெயரில். முதலாளிகளின் சார்பில் இப்படி விண்ணப்பங்களை எதிர்ப்பதற்கென்றே இங்கே நிறுவனங்கள் உண்டு. இதில் அவர்களுக்கு என்ன லாபம் என்று உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஒவ்வொரு தொழிலாளியின் வருஷச் சம்பளத்தில் முதல் 7,000 டாலருக்கு மட்டும் இந்த வரி. விகிதம் 1.5 சதவீதத்திலிருந்து 6.2 வரை. அதிகபட்சமாக ஆளுக்கு வருஷத்துக்கு 434 டாலர். கம்பெனியிலிருந்து விலக்கியவர்கள் உதவித்தொகை வாங்க வாங்க அந்தக் கம்பெனியின் கணக்கில் பற்று எழுதி விகிதத்தை ஏற்றுகிறார்கள். அப்பா ஒருவரால் பெரிதாக ஏறிவிடாது. நூற்றுக்கணக்கில் ஆள் எடுத்து ஆள் கழிக்கிற கிடங்குக்கு, எல்லா விண்ணப்பத்தையும் எதிர்த்து வைப்பது ஒரு பழக்கம். பாதிப் பேர் பயந்து விட்டுவிடுவார்கள் என்ற கணக்கும் இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

சாட்சியங்கள்: மேற்பார்வையாளர் எழுதிக் கையெழுத்திட்ட அரைப்பக்கம். தாமதமாக வந்ததற்கு இரண்டு எச்சரிக்கைகள். புது ஆட்கள் பாதுகாப்பு வீடியோ பார்த்ததற்கான கையெழுத்துத் தாள்.

நம் பக்கம் என்ன இருக்கிறது என்று கேட்டேன். அப்பா பர்ஸைத் திறந்து, ரேஷன் கார்டு ஜெராக்ஸுக்கும் முருகன் படத்துக்கும் நடுவிலிருந்து ஒரு லேமினேட் செய்த அட்டையை எடுத்தார். பெயர், பயிற்சி தேதி, சோதித்தவர் கையெழுத்து. கீழே வரிசையாக இயந்திர வகைகள், ஒவ்வொன்றுக்கும் எதிரில் சின்னக் கட்டம். எலெக்ட்ரிக் பேலட் ஜாக்குக்கு நேரே நீல மையில் ஒரு டிக். உட்கார்ந்து ஓட்டும் ஃபோர்க்லிஃப்ட்டுக்கு நேரே காலி. அட்டையைக் கொடுத்தது அந்தக் கம்பெனியேதான்.

இவ்வளவு நாள் இதைச் சொல்லவே இல்லையே என்றேன். "நீ கேக்கலியே அம்மிணி!"

நவம்பர் 17, ஞாயிறு

தொழிற்பாதுகாப்பு விதிகளில் விஷயம் தெளிவாக இருக்கிறது. எந்த வகை வண்டியோ அந்த வகைக்குப் பயிற்சி கொடுத்து, ஓட்டவிட்டுச் சோதித்து, அதைப் பதிவு செய்த பிறகுதான் ஆளை ஏற்றலாம். மூன்று வருஷத்துக்கு ஒருமுறை மறுபடி சோதிக்க வேண்டும்.

அதைவிட முக்கியம், "ஒழுங்கீனம்" என்றால் என்ன என்பது. நாட்டிலேயே முதலில் 1932இல் வேலையில்லாக் காப்பீட்டுச் சட்டம் கொண்டுவந்த விஸ்கான்சினில், மில்வாக்கி டாக்சி ஓட்டுநர் ஒருவரின் வழக்கில் 1941இல் வகுத்த இலக்கணத்தைத்தான் மற்ற மாநிலங்களும் எடுத்துக்கொண்டன. திறமைக் குறைவு, கைதவறுதல், நல்லெண்ணத்தில் எடுத்த தவறான முடிவு எதுவும் ஒழுங்கீனம் ஆகாது. முதலாளியின் நலனை வேண்டுமென்றே புறக்கணித்திருக்க வேண்டும். கலிபோர்னியாவில் அதை நிரூபிக்கும் பொறுப்பும் முதலாளியுடையது. அப்புறம் 1984இல் அமடோர் வழக்கு. ஆஸ்பத்திரிப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்த பெண், தனக்குப் போதிய பயிற்சி இல்லை, நோயாளிக்கு ஆபத்து என்று ஒரு வேலையைச் செய்ய மறுத்தார், வேலை போயிற்று. உதவித்தொகை உண்டு என்று மாநில உச்ச நீதிமன்றம் சொன்னது. அப்பாவின் கதையேதான், இடம்தான் வேறு.

இதையெல்லாம் சொன்னால் அப்பா, "மொத்தத்தையும் சொல்லிப்போடோணும். ஓவர்டைம் சங்கதி, அந்த மேனேஜர் வாய்க்கு வந்தபடி பேசுனது, எல்லாம்" என்கிறார். அவர் சிங்காநல்லூர்ப் பக்கம் ஸ்பின்னிங் மில்லில் இருந்தவர். சார்ஜ் மெமோ வாங்கிய தொழிலாளிகளுக்குத் துணையாக டொமஸ்டிக் என்கொயரிகளில் உட்கார்ந்த அனுபவம் உண்டு. அங்கே நியாயம் முழுசாகப் பேசப்படும், லேபர் கோர்ட் வரை போனால் வேலையும் பின்சம்பளமும் திரும்பிவர வழி உண்டு. இங்கே நீதிபதி பார்க்கப்போவது ஒன்றே ஒன்று: கடைசிச் சம்பவத்தில் இவர் வேண்டுமென்றே கெடுதல் செய்தாரா. மேனேஜர் கெட்டவரா என்பது அவருக்கு வேண்டாத விஷயம். இதைச் சொல்லப்போய் இன்று எங்களுக்குள் சண்டை. அம்மா நடுவில் வந்து காபி கொடுத்துப் பிரித்துவிட்டார்.

ராத்திரி அப்பாவே வந்தார். "மில்லுல நான் ஒன்னு பழகிவெச்சிருக்கேன். மறுத்தியான்னு கேட்டா மறுத்தேன்னு சொல்லிப்போடோணும். இல்லவே இல்லைன்னு சொன்னவன் எவனும் பொழச்சதில்ல. ஏன்னு கேட்டா மட்டும் ஏன்னு சொல்லோணும்." இதைத்தான் மத்தியானமெல்லாம் நான் சொல்லிக்கொண்டிருந்தேன். போகட்டும்.

டிசம்பர் 4, புதன்

விசாரணை போனில். மேசைமேல் ஸ்பீக்கர், பக்கத்தில் அட்டையின் நகல். மே மாதம் அப்பா மேற்பார்வையாளருக்கு அனுப்பிய குறுஞ்செய்தியின் படமும் உண்டு: ஃபோர்க்லிஃப்ட் பயிற்சிக்கு என் பெயரையும் சேருங்கள் என்று அப்பா கேட்டது. இரண்டையும் முன்கூட்டியே வாரியத்துக்கு அனுப்பியிருந்தேன். வக்கீல் கட்டாயமில்லை, யாரும் பிரதிநிதியாக இருக்கலாம் என்பதால் என் பெயரையே கொடுத்தேன். தமிழ் மொழிபெயர்ப்பாளரை வாரியமே இலவசமாக ஏற்பாடு செய்தது. யாழ்ப்பாணத்துக்காரர் போலிருந்தது, நல்ல நிதானம்.

எல்லோரையும் சத்தியப் பிரமாணம் எடுக்கவைத்து, உரையாடல் பதிவாகிறது என்று நீதிபதி சொன்னார். எதிர்த்தரப்பில் கம்பெனியின் ஹெச்.ஆர். பெண்மணியும் ஏஜென்சிக்காரரும். மேற்பார்வையாளர் வரவில்லை.

முதலில் கம்பெனி பேசியது. கீழ்ப்படியாமை, தாமதம், கொள்கைப் புத்தகத்தின் பக்க எண். நீதிபதி பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சின்னச் சின்னக் கேள்விகளாகக் கேட்டார்.

"அன்றிரவு நீங்கள் அங்கே இருந்தீர்களா?"

"இல்லை."

"தாமதத்துக்காகத்தான் நீக்கினீர்களா?"

"நேரடியாக அதற்காக இல்லை. மறுத்ததற்காக."

"இந்த வண்டியில் இவருக்குப் பயிற்சி கொடுத்த தேதி?"

காகிதம் புரட்டும் சத்தம். அறிமுகப் பயிற்சியில் எல்லோருக்கும் வீடியோ காட்டுகிறோம் என்றார் ஹெச்.ஆர். வண்டியில் ஏற்றிச் சோதித்த பதிவு இருக்கிறதா என்று மறுபடி கேட்டார் நீதிபதி. பார்க்க வேண்டும் என்றார் அவர். பார்ப்பதற்கு மூன்று மாசம் இருந்தது.

அப்பாவின் முறை. "நீங்கள் மறுத்தீர்களா?"

"ஆமாங்க. மறுத்தேன்." அவ்வளவுதான். எனக்கு மூச்சு நின்றது, இன்னும் ஏதாவது தொடங்கிவிடுவாரோ என்று. தொடங்கவில்லை.

"ஏன்?"

"எனக்கு ஓட்டத் தெரியாதுங்க. கார்டுலயும் இல்லைங்க. ரேக்குக்கு அந்தப் பக்கம் ஆளுங்க நின்னுட்டு இருந்தாங்க. இடிச்சா யாரு பொறுப்பு?"

அட்டையின் நகல் கோப்பில் எந்தப் பக்கம் என்று நீதிபதியே சொல்லி, காலிக் கட்டத்தைப் பதிவுக்காக வாய்விட்டுப் படித்தார். என் முறை வந்தபோது ஒரே கேள்வி கேட்டேன்: அன்றிரவு வேறு எந்த வேலை செய்யத் தயாராக இருந்தீர்கள்? "பேலட் ஜாக்குல விடியற வரைக்கும் இழுக்கறேன்னு சொன்னேனுங்க. வீட்டுக்குப் போன்னுட்டாங்க."

ஏஜென்சிக்காரர் குறுக்கு விசாரணையில், பயிற்சி வேண்டுமென்று ஏன் கேட்கவில்லை என்றார். குறுஞ்செய்தியை அவர் பார்த்திருக்கவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. கோப்பைப் படிக்காமல் வருகிறவர்கள் அந்தப் பக்கமும் இருக்கிறார்கள்.

டிசம்பர் 14, சனி

தீர்ப்பு தபாலில் வந்தது. மறுத்தது உண்மை, காரணம் நியாயமானது, வேண்டுமென்றே முதலாளியின் நலனைக் கெடுத்ததற்கு நேரடிச் சாட்சியம் இல்லை, இ.டி.டி. முடிவு நிலைநிறுத்தப்படுகிறது. தோற்றிருந்தால் வாங்கியதெல்லாம் கடனாகியிருக்கும். அதோடு, வேறு வேலையில் வாரத்தொகையைப் போல் ஐந்து மடங்கு, அதாவது 2,000 டாலர், சம்பாதித்த பிறகுதான் மறுபடி தகுதி. கம்பெனி இன்னும் 30 நாளுக்குள் வாரியத்துக்கே மேல்முறையீடு போகலாம். போகட்டும்.

அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடைசிப் பக்கம் வரை விரல் வைத்துப் படித்தார். "வேலை திருப்பிக் குடுக்கச் சொல்லி எங்கியுமே எழுதலியே?"

எழுத மாட்டார்கள் அப்பா, இந்த நீதிபதிக்கு அந்த அதிகாரம் இல்லை என்றேன். வேலையை விட்டு நிறுத்தியது சரியா தப்பா என்று கேட்க இங்கே வேறு வாசல்: பாதுகாப்பு விதியை மீறிய ஆபத்தான வேலையை மறுத்ததற்காக நீக்கினால், ஒரு வருஷத்துக்குள் லேபர் கமிஷனரிடம் பழிவாங்கல் புகார் கொடுக்கலாம். ஆனால் இன்றைக்கு வந்த தீர்ப்பு அங்கே யாரையும் கட்டுப்படுத்தாது என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. முதலிலிருந்து எல்லாவற்றையும் சொல்ல வேண்டும்.

"எல்லாத்தையுமா? ஓவர்டைம் சங்கதியையுமா?"

அதற்குத் தனிப் புகார் என்றேன்.

"ரெண்டு ஃபாரத்தையும் பிரிண்ட் எடு கண்ணு. பெரிய எழுத்துல எடு."