பேட்டரியின் மீது விழும் பழி

பௌர்ணமிக்கு மறுநாள் காலையில், அண்ணாமலையைச் சுற்றி 14 கிலோமீட்டர் நடந்து முடித்த ஜனங்கள் ஊர் திரும்பும் அவசரத்தில் இருக்கையில், இராமுழுதும் உள்விளக்கு எரிந்தபடி நின்றதாலோ வேறெந்தக் காரணத்தாலோ கிளம்ப மறுக்கும் கார்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேருவதனால், திருவண்ணாமலையின் ஆட்டோ எலக்ட்ரீஷியன்களுக்கு அன்று ஓய்வென்பதே கிடையாது. அப்படியொரு காலையில், செங்கம் சாலையை ஒட்டிய ஒரு தகரக் கொட்டகையில், ஐம்பது வயதைக் கடந்த ஒரு கைதேர்ந்த தொழிலாளியின் அருகே நின்று அவர் வேலையைப் பார்க்கும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது.

பெங்களூரிலிருந்து வந்திருந்த ஒரு காரைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். "செல்ஃப் எடுக்கல, டக்கு டக்குன்னு சத்தம் மட்டும் வருது, பேட்டரி போயிடுச்சு, புதுசு போட்டுடுங்க" என்றார் உரிமையாளர். எலக்ட்ரீஷியன் மறுத்தும் பேசவில்லை, ஆமோதிக்கவும் இல்லை. மீட்டரை எடுத்துச் சிவப்பு முனையைப் பிளஸ்ஸிலும் கருப்பு முனையை மைனஸிலும் வைத்தார், 12.5 என்று காட்டிற்று. தலா 2.1 வோல்ட் கொண்ட ஆறு அறைகள் சேர்ந்ததே கார் பேட்டரியாதலால், 12.6 என்றால் நிறைவு, 12-க்கு இறங்கினால் ஏறக்குறையக் காலி.

"டேய் தம்பி, சாவியைத் திருப்பு" என்று தம்மிடம் தொழில் கற்கும் பையனை ஏவிவிட்டு, கருப்பு முனையைப் பேட்டரியின் மைனஸிலேயே இருத்தி, சிவப்பு முனையை எஞ்சினின் மெருகு போகாத ஓர் இரும்புப் பகுதியில் அழுத்தினார். இரண்டும் ஒரே எர்த். சாவி திருப்பிய கணத்திலும் அவற்றினிடையே கால் வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் தோன்றலாகாது. மீட்டரிலோ 2.3 நின்றது. காரில் மின்சாரம் போவதற்குத்தான் கம்பி. திரும்பி வருவதற்கு வண்டியின் இரும்புடலே வழி. அந்த வழியின் வாயிலில், அதாவது எர்த் கம்பியை உடலோடு பிணைத்த போல்ட்டினடியில், துரு ஏறியிருந்தது.

"ஓம்ஸ்ல வெச்சுப் பார்த்தா இந்தக் கம்பி நல்லாத்தான் சார் காட்டும். கரண்ட் ஓடும்போது பார்க்கணும்" என்றார் என்னிடம். இந்த ஒரு வாக்கியத்தில் அத்தொழிலின் சாரமே அடங்கியிருப்பதாக நான் கருதுகிறேன். செல்ஃப் மோட்டார் நூறு ஆம்பியரும் அதற்கு மேலும் இழுக்கையில், 0.02 ஓம் தடையே 2 வோல்ட்டை விழுங்கிவிடும். சாதாரண மீட்டரோ 0.1 ஓமுக்குக் கீழ் பகுத்துக் காட்ட வல்லதன்று. ஆகவே கருவி வைத்திருப்பது மட்டும் ஞானமாகாது. எந்த நிலையில், எந்த இரண்டு இடங்களுக்கு நடுவே வைத்துப் பார்ப்பது என்று அறிவதே வித்தை.

1923-ல் பிரிட்டிஷ் தபால் இலாகாப் பொறியாளர் டொனால்ட் மெக்கேடியின் யோசனையில் பிறந்த அவோமீட்டர், ஆம்பியர், வோல்ட், ஓம் மூன்றையும் ஒரே பெட்டியில் அளந்தது. அதன் வம்சத்தில் வந்ததே இவர் கையிலிருக்கும் டிஜிட்டல் மீட்டர். ஆயினும் பழைய டெஸ்ட் லைட்டை அவர் கைவிடவில்லை. உள்ளே அரித்துத் தடை மிகுந்துவிட்ட வயரிலும் மீட்டர் 12 வோல்ட்டைக் காட்டிவிடும், ஏனெனில் அது இழுக்கும் மின்சாரம் அற்பம். பல்போ பாரம் சுமத்திப் பரீட்சிப்பதால் மங்கி எரிந்து உண்மையைச் சொல்லும். அதே காரணத்தால் ஏர்பேக், கம்ப்யூட்டர் வயர்களின் பக்கம் பல்பைக் கொண்டுபோகக் கூடாதென்று பையனைக் கண்டிப்பாகத் தடுத்து வைத்திருக்கிறார்.

அடுத்த கார் உள்ளூர்க்காரருடையது. மூன்று நாள் நிறுத்தினால் கிளம்பாது. சிவப்பு வயரை 10 ஆம்பியர் துளைக்கு மாற்றி, பேட்டரியின் மைனஸ் கம்பியைக் கழற்றி நடுவே மீட்டரை இணைத்தார். அப்படி இணைத்திருக்கையில் செல்ஃப் அடித்தால் மீட்டரின் ஃபியூஸ் போய்விடும் என்று சாவியையும் வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். திறந்திருந்த கதவின் பூட்டு நாக்கை ஸ்க்ரூ டிரைவரால் தள்ளி மூடியதும், கதவு சாத்தியதாகவே வண்டி எண்ணிற்று. கம்ப்யூட்டர்கள் உறங்க அரைமணி காத்திருந்தோம். 0.05 ஆம்பியருக்குள் இருக்கவேண்டியது 0.4-ல் நின்றது, நாளொன்றுக்கு 9.6 ஆம்பியர்-மணி வீண், 35 ஆம்பியர்-மணிப் பேட்டரி எத்தனை நாள் தாங்கும்? ஃபியூஸ்களை ஒவ்வொன்றாக உருவியபோது, டிக்கி விளக்கின் ஃபியூஸில் எண் 0.03-க்கு இறங்கிற்று.

முதல் காரின் போல்ட்டை உப்புத்தாளால் தேய்த்து முடுக்கியபின் 2.3 என்றிருந்தது 0.15 ஆயிற்று, எஞ்சினும் ஒரே திருப்பில் கிளம்பிற்று. புதுப் பேட்டரிக்கு ஆயிரக்கணக்கில் கொடுக்கத் தயாராக வந்த உரிமையாளர், "சாமான் எதுவும் மாத்தலையே?" என்று கேட்டுக் கூலியில் பேரம் பேசினார். எனக்கு மனம் பொறுக்கவில்லை. எலக்ட்ரீஷியனோ, கண்டுபிடித்ததற்கென்று தனியே ஒரு தொகை கேட்க நா எழாதவராய், துண்டுச் சீட்டில் "எர்த் போல்ட் கிளீனிங்" என்று மட்டும் எழுதி, 200 ரூபாய் வாங்கிக்கொண்டார்.