கசப்புக்கு ஒரு பாத்தி

புலம்பெயர்ந்து வந்த பின்னும் எங்கள் நாக்கை விட்டுப் போகாத சுவைகளில் கசப்பும் ஒன்று. பாவற்காய் ஆசியக் கடைகளில் கிடைத்தது. விலைதான் கையைக் கடித்தது. குறிஞ்சா இலையைக் கண்ணாலும் காணவில்லை. அந்தக் குறையைத் தீர்த்து வைத்த ஒரு கீரையைப் பற்றித்தான் இங்கே சொல்ல வந்தோம்.

ஜேர்மனியில் இதனை எண்டீவியன் என்பார்கள். இலையின் ஓரம் கிழிந்து சுருள் சுருளாக இருக்கும் வகைக்கு ஃப்ரிசே என்று பெயர். கோப்பியில் கலக்கும் சிக்கரியின் நெருங்கிய உறவு இது.

1991இல் நாங்கள் ரைன் நதிப் பக்கத்து ஊர் ஒன்றில் குடியேறினோம். 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வில் வலிகாமத்து வீட்டையும் தோட்டத்தையும் விட்டு நடந்த அம்மா, 1997இல் எங்களிடம் வந்து சேர்ந்தார். வந்தவர் யன்னலோரக் கதிரையை விட்டு எழும்பவில்லை. நாங்கள் இருவரும் வேலைக்குப் போய்விடுவோம். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய்விடுவார்கள். மாலையில் திரும்பினால் வைத்த சோறு பாதி அப்படியே இருக்கும். "எனக்கு இங்க என்ன வேலை பிள்ளை?" என்று ஒரே கேள்விதான் கேட்பார். எங்களிடம் பதில் இருக்கவில்லை.

வீட்டின் பின்னால் நாலு பாய் விரிக்கக்கூடிய நிலம் இருந்தது. கீழ்வீட்டில் தனியாக வாழ்ந்த மூதாட்டி அதில் பாதியை எங்களுக்கு விட்டுத் தந்தார். பிள்ளைகளுக்கு அவர் 'ஓமா'. அடுத்த வருடம் ஏப்ரலில் வெயில் முகம் காட்டியதுமே அம்மா எண்டீவியன் விதையை ஊர்க்கீரை போல விசிறி விதைத்தார். யூலைக்குள் தண்டு நீண்டு நீலப் பூ பூத்துவிட்டது. இலையை வாயில் வைக்க முடியவில்லை. "இந்த மண்ணும் என்னை ஏற்கேல்லை" என்றார் அம்மா. அன்று எங்கள் வீட்டில் ஒருவரும் சரியாகச் சாப்பிடவில்லை.

ஓமாதான் காரணம் சொன்னார். பிள்ளைகள் மொழிபெயர்த்தார்கள். குளிரில் முளைத்து நீண்ட பகலைக் காணும் செடி, இலை கட்டாமல் பூக்கத்தான் பார்க்குமாம். யூன் நடுப்பகுதிக்கும் யூலை நடுப்பகுதிக்கும் இடையில் விதைத்து, நாற்றை 30 சென்ரிமீற்றர் இடைவெளியில், குருத்து மண்ணுக்குள் புதையாமல் நட வேண்டும். செடி முற்றியதும், இலைகள் நன்றாகக் காய்ந்திருக்கும் ஒரு நாளில் பூச்சாடியைக் கவிழ்த்து மூடி, சாடியின் துவாரத்தையும் அடைத்துவிட வேண்டும். ஈரத்தோடு மூடினால் அழுகிப்போகும். வெளிச்சம் படாத நடு இலைகள் 10 முதல் 14 நாட்களில் வெளிறி மஞ்சளாகும், கசப்பும் அடங்கும். இலேசான உறைபனியையும் செடி தாங்கும் என்பதால் நவம்பர் வரை வெட்டலாம்.

அடுத்த யூனில் அம்மா மீண்டும் விதைத்தார். பிள்ளைகள் இல்லாத நேரத்தில் இருவருக்கும் கைதான் மொழி. ஓமா சாடியைத் தூக்கிக் காட்டுவார், அம்மா தலையாட்டுவார். ஒக்ரோபரில் முதற் சாடியைத் தூக்கியபோது உள்ளே தேங்காய்ப்பூப் போல வெளுத்த சுருள்கள். ஒன்றைக் கிள்ளி மென்ற அம்மா, "இது எங்கட குறிஞ்சா மாதிரியெல்லே!" என்றார். பச்சையான வெளி இலைகளைத்தான் அவர் முதலில் கேட்டார்.

அவற்றை அம்மா வறை செய்தார். இலையை மெல்லிய கீற்றாக அரிந்து, இளஞ்சூட்டுத் தண்ணீரில் அலசிப் பிழிய வேண்டும். இதனால் கசப்புக் கொஞ்சம் குறையும். வெங்காயம், பச்சை மிளகாய், கடுகு தாளித்து, மஞ்சளும் உப்பும் இட்டு, இலையைப் போட்டு மூடாமல் இரண்டு மூன்று நிமிடம் பிரட்டினால் போதும். தேங்காய்ப்பூவைக் கடைசியில் சேர்த்து, இறக்கியபின் தேசிக்காய்ப்புளி விட வேண்டும். புதுத் தேங்காய் கிடைக்காதபோது, உலர்ந்த துருவலை இளஞ்சூட்டுப் பாலில் ஊறவைத்துப் போடுவோம்.

ரைன் பகுதி மக்களின் முறை வேறு. அவித்து மசித்த உருளைக்கிழங்கில் பாலும் வெண்ணெயும் சேர்த்து, அரிந்த இலையைப் பச்சையாகவே கலந்து, பொரித்த பன்றியிறைச்சித் துண்டுகளைத் தூவிச் சூட்டோடு சாப்பிடுவார்கள். வெள்ளிக்கிழமையில் அம்மா மரக்கறிதான் என்று அறிந்த ஓமா, இறைச்சிக்குப் பதில் வெங்காயத்தைப் பொரித்துப் போட்டு ஒரு கோப்பை அனுப்புவார். கோப்பை வெறுமையாகத் திரும்பியதில்லை. அதில் வறை போகும்.

இன்று இருவரும் இல்லை. அம்மா கடைசிவரை தன் காணியை மறுபடி காணவில்லை. அந்தக் குறையை எந்தக் கீரையும் தீர்க்கவில்லை. ஆனால் "எனக்கு இங்க என்ன வேலை?" என்று அந்த ஒக்ரோபருக்குப் பிறகு அவர் கேட்டதில்லை. வேறு நகரத்தில் வாழும் எங்கள் மகள் ஒவ்வொரு யூனிலும் தொலைபேசியில், "அம்மம்மாவின்ர கீரை போட்டாச்சோ?" என்று கேட்கிறாள். அவளுடைய பல்கனிச் சாடியிலும் அது வளர்கிறது.

ஐரோப்பாவில் உள்ள வாசகர்களே, உங்கள் வீட்டில் யன்னலோரம் இருக்கும் முதியவர் ஒருவர் இருந்தால், வரும் யூனில் ஒரு பைக்கற் விதையை அவர் கையில் கொடுத்துப் பாருங்கள்.